பந்தல் காய்களுக்கு வீட்டிலேயே விதை எடுத்தல்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மாடியிலோ கொல்லையிலோ ஒரு சுரைக்கொடியைப் படரவிட்டிருப்பவர்களில் பலர், கொடியிலேயே முற்றிப்போன ஒரு காயை உடைத்து விதையை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த ஆடிப்பட்டத்தில் அதையே ஊன்றுகிறார்கள். ஓரிரு ஆண்டுகள் அது குறையின்றி நடக்கிறது. பிறகு ஒரு பட்டத்தில் நீளச்சுரையாக இருந்தது குடுக்கைபோல் உருண்டு காய்க்கிறது, அல்லது பாகலின் நிறம் மாறிப்போகிறது, அல்லது பீர்க்கு வாயில் வைக்க முடியாதபடி கசக்கிறது. உடனே காரணத்தை மண்ணிலும் உரத்திலும் தேடுகிறோம். ஆனால் அந்த மாற்றம் முந்தைய பட்டத்தில், விதைக்காயாக விடப்பட்ட பெண்பூ விரிந்திருந்த சில மணி நேரத்திலேயே தீர்மானமாகிவிட்டது. எந்தப் பூவின் மகரந்தம் அதன்மேல் விழுந்தது என்பதை நாம் பார்க்கவில்லை. வீட்டில் விதை எடுப்பதில் கற்றுக்கொள்ள வேண்டிய முதன்மையான வேலை, காயை முற்றவிடுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வந்துபோய்விடும் அந்தச் சில மணி நேரத்தைக் கவனித்துப் பிடிப்பதுதான். இக்கட்டுரை சுரை, பீர்க்கு, புடலை, பாகல், பரங்கி ஆகிய பந்தல் காய்களை முதன்மையாக வைத்து அதைச் சொல்கிறது.

தாய்க்கொடியைத் தேர்வது

கடையில் வாங்கிய விதைப் பொட்டலத்தில் 'எஃப் 1' என்றோ 'வீரிய ஒட்டு' என்றோ அச்சிடப்பட்டிருந்தால், அந்தக் கொடியிலிருந்து விதை எடுப்பதைத் தொடக்கநிலையில் தவிர்த்துவிடுங்கள். வீரிய ஒட்டு என்பது இரண்டு வேறுபட்ட பெற்றோர் வரிசைகளைச் சேர்த்து உண்டாக்கிய முதல் தலைமுறை. அதன் கொடிகள் எல்லாம் ஒரே சீராக இருக்கும். அவற்றின் விதையை ஊன்றினால் வரும் இரண்டாம் தலைமுறையில், பட்டாணிச் செடிகளைக் கொண்டு மெண்டல் 1866இல் எழுதிக் காட்டியபடி, மறைந்திருந்த பண்புகள் பிரிந்து வெளிப்படும். ஒரு கொடி தாத்தாவைப் போலவும் இன்னொன்று பாட்டியைப் போலவும் நிற்கும். அது முளைக்காது என்று சிலர் சொல்வது சரியன்று. முளைக்கும், காய்க்கும், ஆனால் என்ன காய்க்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஆகவே நாட்டு ரகங்களிலிருந்தோ, வீரிய ஒட்டல்லாத, பண்பு நிலைபெற்ற ரகங்களிலிருந்தோ தொடங்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டவற்றில் கோ 2 புடலை, எம்டியு 1 பாகல், பிகேஎம் 1 பீர்க்கு போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. முன்னால் உள்ள எழுத்துகள் முறையே கோயம்புத்தூர், மதுரை, பெரியகுளம் ஆகிய ஊர்களைக் குறிக்கின்றன. விதைத் திருவிழாக்களில் கிடைக்கும் நாட்டு விதைகளும் நல்லவையே. ஆனால் கொடுப்பவர் அதை எந்த ஊரிலிருந்து பெற்றார், எத்தனை ஆண்டுகளாகப் பயிரிடுகிறார், அருகில் வேறு ரகம் இருந்ததா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வது பின்னாளில் பெரிதும் உதவும்.

ஒரே ஒரு கொடியிலிருந்து ஆண்டுதோறும் விதை எடுத்துக்கொண்டே போவது நல்லதன்று. பந்தல் காய்களில் தன் இனச்சேர்க்கையால் வரும் நலிவு மக்காச்சோளத்தில் இருக்கும் அளவுக்குக் கடுமையாக இராது என்றாலும், இடமிருந்தால் ஐந்தாறு கொடிகளையாவது வளர்த்து, அவற்றின் விதைகளைக் கலந்து வைப்பதே பாதுகாப்பானது. மாடியில் இரண்டு கொடிகளுக்குத்தான் இடம் என்றால், அதே ரகத்தை வளர்க்கும் ஒரு நண்பருடன் ஆண்டுக்கொரு முறை பாதி விதையை மாற்றிக்கொள்ளலாம்.

கொடியைத் தேர்வு செய்யும்போது காயின் பருமனை மட்டும் பார்க்கக் கூடாது. தேமல் நோய் தாக்கி இலை மஞ்சளும் பச்சையுமாகச் சுருங்கிய கொடியில் எவ்வளவு பெரிய காய் தொங்கினாலும் அதை விதைக்கு விட வேண்டாம். தாமதமின்றிப் பூத்து, கோடையின் வெப்பத்திலும் வாடாமல் நின்று, உங்கள் வீட்டார் விரும்பும் சுவையோடு தொடர்ந்து காய்க்கும் கொடி எதுவென்று கண்டு, அதன் தண்டில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள். சமையலுக்குப் பறிப்பவர் யாராக இருந்தாலும் அந்தக் கொடியின் விதைக்காயைத் தொடாதிருக்க இந்த அடையாளம் வேண்டும்.

ஆண்பூவும் பெண்பூவும்

இந்தக் காய்களில் ஒரே கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே வரும். பெண்பூவின் அடியில் சிறிய பிஞ்சு ஒன்று முன்னதாகவே அமைந்திருக்கும். சுரையில் அது குட்டிச் சுரையாகவும், பாகலில் முள்ளுமுள்ளான சிறு பிஞ்சாகவும் தெரியும். ஆண்பூ வெறும் காம்பின் நுனியில் நிற்கும். கொடி பூக்கத் தொடங்கும்போது முதலில் ஆண்பூக்களே மிகுதியாக வரும். பெண்பூவே இல்லையே என்று கவலைப்பட்டு உரத்தைக் கூட்ட வேண்டியதில்லை. சுரையின் முதன்மைத் தண்டின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். பெண்பூக்கள் பெரும்பாலும் அந்தக் கிளைகளில்தான் வரும். கோவைக்காயும் பழுபாகலும் இதற்கு விலக்கு. அவற்றில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு.

பூ விரியும் நேரம் காய்க்குக் காய் மாறும், அதை அறியாமல் எதையும் செய்ய முடியாது. பரங்கியும் பாகலும் வெள்ளரியும் விடியலில் விரிபவை. பரங்கிப்பூ வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். சுரையும் புடலையும் வெள்ளைப் பூக்கள். மாலை மங்கும்போது விரிந்து இரவெல்லாம் அந்துப்பூச்சிகளுக்காகத் திறந்திருக்கும். பீர்க்கின் மஞ்சள் பூ மாலை நாலைந்து மணிக்கு மேல் மலரும். உங்கள் ஊரின் வெப்பத்தையும் பருவத்தையும் பொறுத்து நேரம் சற்று முன்பின் ஆகும் என்பதால், விதைக்கென்று வேலையைத் தொடங்கும் முன் ஒரு வாரம் கொடியருகே நின்று பார்த்துவிடுங்கள்.

கையால் மகரந்தம் சேர்த்தல்

சான்று பெற்ற விதை உற்பத்தியில் பந்தல் காய்களின் இரு ரகங்களுக்கிடையே 500 மீட்டர் இடைவெளி விடச் சொல்கிறார்கள். நகரத்து மாடியில் அது நடவாத காரியம். பக்கத்துத் தெருவில் யார் என்ன வளர்க்கிறார்கள் என்பதுகூட நமக்குத் தெரியாது. தொலைவால் செய்ய முடியாத காவலைத் துணியாலும் நூலாலும் செய்துகொள்ளலாம்.

முதலில் பரங்கியை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அதன் பூ பெரிது, கை பழகுவதற்கு ஏற்றது. மாலையில் கொடியைச் சுற்றிவந்து, மறுநாள் விடியலில் விரியப்போகும் மொட்டுகளைக் கண்டுபிடியுங்கள். அவை நன்கு பருத்து, பச்சை நிறம் மறைந்து நுனியில் மஞ்சள் படர்ந்திருக்கும். பெண்மொட்டு ஒன்றும் ஆண்மொட்டுகள் இரண்டு மூன்றும் தேவை. ஆண்மொட்டுகளை இயன்றவரை வேறு கொடிகளிலிருந்து தேர்ந்தெடுங்கள். அவையும் அதே ரகமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மொட்டின் நுனியையும் நூலால் மெதுவாகக் கட்டிவிடலாம், அல்லது மொட்டு முழுவதையும் மல்மல் துணிப் பைக்குள் இட்டு, காம்பைச் சுற்றி நூலைக் கட்டலாம். ஆண்மொட்டையும் மூடுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூடாத ஆண்பூவுக்குள் அதிகாலையிலேயே புகும் தேனீ, வேறொரு தோட்டத்துப் பரங்கியின் மகரந்தத்தை அதில் விட்டுச் செல்லக்கூடும். அப்படி ஆனபின் பெண்பூவை மூடிக் காத்ததால் பயனில்லை.

விடிந்ததும், தாமதிக்காமல், ஆண்பூவைக் காம்போடு பறித்து அதன் இதழ்களை உரித்துவிடுங்கள். நடுவில் மஞ்சள் தூள் படிந்த தண்டு மட்டும் மிஞ்சும். விரலால் தொட்டால் தூள் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அந்தப் பூ இன்னும் முதிரவில்லை அல்லது ஈரத்தால் கெட்டுவிட்டது என்று பொருள். பிறகு பெண்பூவின் கட்டை அவிழ்த்து, இதழ்களைக் கிழிக்காமல் விரித்து, நடுவிலுள்ள சூல்முடியின் எல்லா மடல்களிலும் அந்தத் தூளை மென்மையாகத் தடவுங்கள். ஒரு மடலில் மட்டும் தடவினால் காய் ஒரு பக்கம் வளைந்து, விதையும் குறைவாக இருக்கும். இரண்டு மூன்று ஆண்பூக்களையும் பயன்படுத்திய பின், பெண்பூவின் இதழ்களை மறுபடி மூடிக் கட்டி, காம்பில் ஒரு வண்ண நூலையும் தேதி எழுதிய சீட்டையும் தொங்கவிடுங்கள். இந்த வேலையின்போது ஒரு தேனீ பூவுக்குள் இறங்கிவிட்டால் அந்தப் பூவைச் சமையலுக்கு விட்டுவிட்டு வேறொன்றைத் தேட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஐயத்துக்குரிய ஒரு காயின் விதை, நல்ல விதையோடு கலந்துவிட்டால் பின்னர் பிரிக்கவே முடியாது.

மூன்று நாட்களில் இதழ் வாடி விழும், பிஞ்சு பருக்கத் தொடங்கும். அப்போது பையை எடுத்துவிடலாம், வண்ண நூல் மட்டும் இருக்க வேண்டும். பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை. மழை பெய்த காலையிலும், கொளுத்தும் கோடையிலும் இப்படி அடிக்கடி நேரும். ஒரு விதைக்காய் வேண்டுமென்றால் நாலைந்து பூக்களில் முயன்று பார்ப்பதே வழக்கம்.

சுரைக்கும் புடலைக்கும் இதே முறைதான், பொழுது மட்டும் தலைகீழ். பிற்பகலில் மொட்டுகளை மூடிவிட்டு, மாலை மங்கியபின் விளக்கை எடுத்துக்கொண்டு போய்த் தடவ வேண்டும். பாகல் பூ மிகச் சிறியது, காம்பு எளிதில் ஒடியும். அதற்கு நுனியைக் கட்டுவதைவிட, பை போடுவதே ஏற்றது.

எது எதோடு கலக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சுரையும் பரங்கியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் கலப்பதில்லை. பாகலும் வெள்ளரியும் கலப்பதில்லை. ஒரே இனத்தின் இரண்டு ரகங்கள் தயங்காமல் கலக்கும். கோடையில் விற்கும் வெள்ளரிப்பழத்துக்குப் பெயரில்தான் வெள்ளரியோடு உறவு. இனத்தால் அது முலாம்பழத்தைச் சேர்ந்தது, ஆகவே முலாம்பழத்தோடுதான் கலக்கும்.

கசப்பைப் பற்றிய எச்சரிக்கை

தமிழ்நாட்டின் வேலிகளிலும் புறம்போக்கிலும் பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்று அழைக்கப்படும் கொடிகள் தாமாகவே படர்கின்றன. இவை நம் பந்தல் காய்களின் காட்டு உறவுகள். இவற்றின் மகரந்தம் நம் பெண்பூவில் விழுந்தால், அந்தக் காயில் எந்த மாற்றமும் தெரியாது. தாய்க்கொடி தந்த சதை என்பதால் அது வழக்கம்போல் சுவையாகவே இருக்கும். மாற்றம் விதைக்குள் ஒளிந்திருக்கும். அடுத்த பட்டத்தில் அந்த விதையிலிருந்து வரும் கொடியின் காய் கசக்கக்கூடும்.

இந்தக் கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டசின் எனும் வேதிப்பொருள். சுவைக் குறைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது, இது நஞ்சு. கசந்த சுரைச் சாற்றைக் குடித்தவர்கள் கடும் வாந்திக்கும் இரத்தப் போக்குக்கும் உள்ளாகி, சிலர் இறந்தும் போனதை அடுத்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது. கசக்கும் சுரைச் சாற்றை எக்காரணம் கொண்டும் குடிக்கக் கூடாது என்று அக்குழு அறிவுறுத்தியது. ஆகவே வீட்டு விதையிலிருந்து வந்த ஒவ்வொரு சுரைக்கொடியின் முதல் காயையும் சமைக்கும் முன், சிறு துண்டு ஒன்றை நாக்கின் நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிட்டு, கொடியையே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். அதன் ஆண்பூக்கள் தோட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு நாளும் மற்றக் கொடிகளின் விதையையும் கெடுக்கும். சுற்றியுள்ள வேலிகளில் பேய்ச்சுரை இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்வதும் இந்த வேலையின் ஒரு பகுதியே.

முற்றவிடுதலும் விதை பிரித்தலும்

ஒரு கொடியில் ஒன்று அல்லது இரண்டு காய்களுக்கு மேல் விதைக்கு விடாதீர்கள். விதையை நிரப்புவதற்குக் கொடி தன் சத்தையெல்லாம் அங்கே அனுப்புவதால், புதிய பிஞ்சுகள் குறைந்துபோகும். வீட்டுச் சமையலுக்கும் காய் வேண்டுமானால் சில வாரங்கள் பறித்துவிட்டு, கொடி வலுவாக இருக்கும்போதே விதைக்காய்க்கு மாறுவது நல்லது. கொடி ஓய்ந்த கடைசிக் காயை விதைக்கு விடும் பழக்கம் தவறானது.

சமையலுக்கு ஏற்ற பருவமும் விதைக்கு ஏற்ற பருவமும் வெகு தூரம் விலகியவை. மகரந்தம் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் கறிக்குப் பறிக்கும் சுரையை, விதைக்காக இரண்டு மாதமேனும் கொடியில் விட வேண்டும். நகம் பதியாதபடி தோல் கடினமாகி, பச்சை வெளுத்து, காம்பு காய்ந்தபின் பறித்து நிழலில் வைத்தால் உள்ளே சதை வற்றும். ஆட்டினால் விதை குலுங்கும் ஓசை கேட்கும். பீர்க்கு கொடியிலேயே பழுப்பாகிக் காய்ந்து, அடிப்பக்கம் மூடிபோல் திறந்துகொள்ளும். தலைகீழாகத் தட்டினால் கறுப்பு விதைகள் கொட்டும், மிஞ்சும் கூடு உடம்பு தேய்க்கப் பயன்படும். பாகலைத்தான் கண்காணிக்க வேண்டும். 25 முதல் 30 நாளில் அது ஆரஞ்சு நிறத்துக்குத் திரும்பும். மறுநாளே வெடித்து, சிவந்த சதை மூடிய விதைகளைப் பறவைகளுக்குக் காட்டிவிடும். நிறம் பாதி மாறியதும் பறித்துவிடுங்கள். பரங்கியைக் காம்பு காய்ந்தபின் பறித்து, மூன்று நான்கு வாரம் வீட்டுக்குள் வைத்திருந்து உடைத்தால் விதை மேலும் நிரம்பிப் பருத்திருக்கும்.

பாகல் விதையின் சிவப்புச் சதையைச் சாம்பலும் மணலும் சேர்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெள்ளரி விதையைச் சூழ்ந்த வழவழப்பு, விதையைச் சாற்றோடு ஒரு நாள் ஊறவைத்துப் புளிக்கவிட்டால் தானே கழன்றுவிடும். நம் வெப்பத்தில் இரண்டு நாளுக்கு மேல் விட்டால் பாத்திரத்திலேயே முளைவிடத் தொடங்கும். கழுவும்போது மிதக்கும் பதர்களைத் தள்ளிவிட்டு, அடியில் தங்குவதை எடுங்கள். பரங்கியில் நல்ல விதையும் சில சமயம் மிதக்கும் என்பதால், அதை மட்டும் விரலால் அழுத்திப் பார்த்துத் தேர்ந்துகொள்ளலாம்.

உலர்த்தலும் சேமிப்பும்

ஈர விதையைத் துணியிலோ பாயிலோ பரப்பி முதல் நாள் நிழலில் காயவிட்டு, பின்னர் காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் உலர்த்துங்கள். உச்சி வெயிலும், சூடேறும் தகரத் தட்டும் கருவைக் கொன்றுவிடும். காய்ந்த பரங்கி விதையை வளைத்தால் மடங்காமல் சட்டென ஒடிய வேண்டும்.

விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறையும்தோறும் அதன் ஆயுள் இருமடங்காகும் என்றும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 பாகை செல்சியஸ் குறையும்தோறும் மீண்டும் இருமடங்காகும் என்றும் ஹாரிங்டன் என்ற விதையியல் அறிஞர் வகுத்த நடைமுறை விதி ஒன்று உண்டு. கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இது மிகவும் பொருந்தும், ஏனெனில் அங்கே காயவைத்த விதைகூட மழைக்காலத்தில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வறுத்து ஆறவைத்த அரிசியை ஒரு கண்ணாடிப் புட்டியின் அடியில் போட்டு, அதன்மேல் காகித உறையிலிட்ட விதையை வைத்து இறுக மூடினால் அந்த ஈரத்தை அரிசி வாங்கிக்கொள்ளும். சாம்பல் கலந்து வைப்பதும், வசம்புத் தூளோ காய்ந்த நொச்சி இலையோ சேர்ப்பதும், விதையைச் சாணத்தில் பொதிந்து சுவரில் அப்பிக் காயவைப்பதும் நம் பாட்டிமார் செய்துவந்தவை. பூச்சியையும் ஈரத்தையும் ஒருங்கே தடுக்கும் அறிவு அவற்றில் இருக்கிறது. முற்றிக் காய்ந்த சுரைக்குடுக்கையே விதை வைக்கும் கலமாகவும் இருந்தது.

உறையின்மேல் ரகத்தின் பெயர், பெற்ற ஊர், மகரந்தம் சேர்த்த மாதம், கையால் சேர்த்ததா தானாகச் சேர்ந்ததா என்ற விவரம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். கடைசி விவரத்தை எழுதாத விதையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பந்தல் இல்லாதவர்களுக்கு ஒரு சொல். தக்காளியும் தட்டைப்பயறும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பவை. சற்றுத் தள்ளி வைத்தால் போதும். கத்தரி, மிளகாய், வெண்டை ஆகியவற்றின் பூவில் இரு பாலும் இருந்தாலும் தேனீக்கள் கலந்துவிடும். அவற்றின் பூங்கொத்தை மொட்டாக இருக்கும்போதே மல்மல் பையில் மூடி, காலையில் காம்பை மெல்லத் தட்டிவிட்டு, பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்து நூல் கட்டினால் விதை தூய்மையாகக் கிடைக்கும்.

விதையைப் பிறரோடு பகிர்வதில் சட்டத் தடை ஏதும் உண்டோ என்று சிலர் தயங்குகிறார்கள். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, உழவர் தம் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பகிரவும், விற்கவும் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிகப் பெயரிட்டு விற்பதை மட்டுமே அது விலக்குகிறது.

ஆனி மாதம் பிறந்ததும் புட்டியைத் திறந்து, 20 விதைகளை எடுத்து ஈரத்துணியில் சுருட்டி, துணி காயாமல் பத்து நாள் வைத்துப் பாருங்கள். சான்று பெற்ற பந்தல் காய் விதைக்கு 60 விழுக்காடு முளைப்பு இருக்க வேண்டும் என்பது அளவு. உங்கள் விதையில் 12க்கும் குறைவாக முளைத்தால் குழிக்கு இரண்டுக்குப் பதில் நான்காக ஊன்றுங்கள். பாகல் விதை தடித்த தோல் உடையது. அதன் கூர்முனையை நகவெட்டியால் சிறிது கிள்ளி, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, மறுநாள் காலை முனை கீழ்நோக்கி இருக்கும்படி ஒரு விரல்கணு ஆழத்தில் ஊன்றிவிடலாம்.